பாத்திரமறிந்து இடும் பிச்சையா வீடு?

(தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதித் தமிழ்க் கிளைகளுக்காக மும்பையில் நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடியிருப்புப் பிரச்சனையும் ரியல் எஸ்டேட் மூலதனமும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அதற்கான குறிப்புகளோடுதான் வந்தேன். ஆனால் வகுப்பு தொடங்குமுன் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது பெண் தோழர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "மாலாவில் இருக்கும் எங்கள் கோலிக்கு ஒரு ஏஜென்ட் விலை சொல்லியிருக்கிறார் தோழர். மேல்தளத்துக்காரர்களுக்கு எப்படியும் தாராவிக்குள் வீடு கிடையாது, இப்போது கைக்கு வருவதை வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்கிறார். வீட்டில் கடனும் இருக்கிறது. விற்றுவிடலாமா?"

இக்கேள்விக்கு விடை சொல்லாமல் மூலதனத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதில் பொருளில்லை. எனவே இந்த உரை முழுவதையும் அத்தோழருக்கான பதிலாகவே அமைத்துக்கொள்கிறேன்.

முதலில், தாராவியில் ஒருவர் வீடு விற்கிறார் என்றால் உண்மையில் எதை விற்கிறார்?

நம் முன்னோர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு இங்கு வந்தபோது இது மித்தி ஆற்றங்கரைச் சதுப்பு நிலம். மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கியவர்கள் அவர்கள்தாம். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவை உருவாக்கினார்கள். கோலி மீனவர்கள் நம் அனைவருக்கும் முன்பிருந்தே இங்கு வாழ்ந்தவர்கள். ஆனால் நிலத்தின் பெரும்பகுதி மாநகராட்சியின் பெயரில் இருந்தது. உழைத்து மேடாக்கியவனுக்குப் பட்டா இல்லை. 1976இல் மாநில அரசு குடிசைகளைக் கணக்கெடுத்து அடையாள அட்டை வழங்கியது. 'போட்டோ பாஸ்' என்று நாம் சொல்வது அந்த வழியில் வந்ததே. அது அரசு உங்களைப் பார்த்துவிட்டது என்பதற்கான சான்று. நிலத்தின் மீதான உரிமையை அது தருவதில்லை.

உரிமை இல்லாத பொருளை விற்க முடியாது. ஆனால் வாழ்க்கை நின்றுவிடுவதில்லையே! மகளுக்குத் திருமணம் வரும், மருத்துவச் செலவு வரும், ஊருக்குத் திரும்ப வேண்டிய நிலை வரும். எனவே கோலிகள் கைமாறிக்கொண்டுதான் இருந்தன. முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம், நோட்டரியின் முத்திரை, ஒரு பவர் பத்திரம், பழைய மின்கட்டண ரசீதுகள், ரேஷன் அட்டையின் நகல், இரண்டு சாட்சிக் கையெழுத்து. இவ்வளவுதான் தாராவியின் கிரயப் பத்திரம். 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது சட்டம். பவர் பத்திரத்தின் மூலம் செய்யும் விற்பனை சொத்துரிமையை மாற்றாது என்று 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. ஆக, நம் தெருக்களில் கட்டுக்கட்டாகப் பணம் கொடுத்து வாங்கப்படும் தாள்களுக்கு நீதிமன்றத்தில் சொத்துரிமை என்ற மதிப்பு கிடையாது.

இந்த இடைவெளியில்தான் தரகர் பிறக்கிறார். பத்திரப் பதிவு அலுவலகம் நம்மை ஏற்காதபோது, யாருடைய தாள் உண்மையானது, யார் பெயரில் போட்டோ பாஸ் இருக்கிறது, எந்த எழுத்தரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் தேவைப்படுகிறார். தாராவியின் தரகர் வீட்டைக் காட்டுபவர் மட்டுமல்லர். பதிவாளர், வழக்கறிஞர், வங்கி ஆகிய மூவரின் இடத்திலும் அவரே அமர்ந்திருக்கிறார். அவருக்கு எதிராக முறையிட அலுவலகம் எதுவுமில்லை.

என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் தந்தையார் வாங்கிய கோலியில் என் அக்காவின் குடும்பம் வாழ்ந்து வந்தது. மகளின் திருமணத்துக்காக அக்கா அதை விற்க நேர்ந்தது. நான் அப்போது கட்சி ஆவணங்களை மொழிபெயர்க்கும் பணியில் வெளியூரில் இருந்தேன். தரகர் நல்ல மனிதராகத்தான் பேசினார். "பெயர் மாற்றத்துக்கு எல்லா மூலத் தாள்களும் வேண்டும் அக்கா" என்று போட்டோ பாஸ், பழைய மின்கட்டண ரசீதுகள், ரேஷன் அட்டை உட்பட அனைத்தையும் பெற்றுக்கொண்டார். அக்கா நகல் எடுத்து வைக்கவில்லை. அதே வாரத்தில் அந்தக் கோலி இன்னும் கூடுதல் விலைக்கு வேறொருவருக்குப் போனது என்பது பிறகு தெரிந்தது. அந்த இழப்பைக்கூட அக்கா பொறுத்துக்கொண்டார். ஆனால் இன்று மான்குர்தில் வாடகைக்கு இருக்கும் அவரிடம், நாற்பது ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்ததற்குக் காட்ட ஒரு தாள் இல்லை. விற்ற விலையில் அதுவும் சேர்ந்து போய்விட்டது. முதுகலைத் தமிழ் படித்து, ஆயிரக்கணக்கான பக்கங்களை மொழிபெயர்த்த எனக்கு, என் அக்காவின் நான்கு தாள்களைக் காப்பாற்றத் தெரியவில்லை. இதை உங்கள் முன் சொல்ல எனக்கு வெட்கமே. இருந்தும் சொல்கிறேன், ஏனெனில் இன்று இதே நிலையில் பல வீடுகள் உள்ளன.

மாட்டுங்கா, செம்பூர்த் தோழர்கள் இது தாராவியின் கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1896இன் பிளேக் கொள்ளைநோய்க்குப் பின் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு மனை பிரித்த பகுதி தாதர் - மாட்டுங்கா. அங்கே அகன்ற சாலையும் மரமும் வந்தன. ரயில் பாதைக்கு இப்பால் சாக்கடையும் தோல் கிடங்கும் நின்றன. இரண்டு பக்கமும் தமிழர்களே. ஆனால் அந்தப் பக்கத் தமிழரிடம் பத்திரம் இருந்தது. இந்தப் பக்கத் தமிழரிடம் ரசீது இருந்தது.

பத்திரம் உள்ள நகரத்திலும் தரகு தன் வேலையைச் செய்கிறது. பழைய கட்டடங்களில் 'பகடி' முறை உள்ளது. குடியிருப்பவர் பெருந்தொகை கொடுத்து உள்ளே வருகிறார். வெளியேறும்போது புதியவர் தரும் தொகையில் கட்டட உரிமையாளருக்கும் ஒரு பங்கு போகிறது. 1947இன் வாடகைச் சட்டத்தில் குற்றமாக இருந்த இதை 1999இன் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதித்துவிட்டது. செம்பூரில் 11 மாத ஒப்பந்தத்துக்கு வீடு தேடும் நம் தோழர்களின் பிள்ளைகளிடம் முதலில் கேட்கப்படுவது சம்பளம் எவ்வளவு என்பதன்று. சைவமா அசைவமா என்பதே. அக்கேள்விக்குள் சாதியும் மதமும் ஒளிந்திருப்பதைக் கேட்பவரும் அறிவார், பதில் சொல்பவரும் அறிவார். வீட்டு உரிமையாளரின் தீண்டாமையை அவர் வாயால் சொல்லாதபடி பார்த்துக்கொள்வதும் தரகுக் கட்டணத்துக்குள் அடங்கிய சேவையாகிவிட்டது.

வீடு வாங்குவோரைக் காக்க 2016இல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ரெரா என்று நாம் அழைக்கும் இச்சட்டம் 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதில் பயனுள்ள அம்சங்கள் உள்ளன. அவற்றை நாம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் வீடு விற்கும் ஏஜென்ட் தானும் பதிவு பெற்றிருக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். மகாராஷ்டிரத்தில் அவர் பயிற்சி பெற்றுத் தேர்வும் எழுத வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுமுன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. சுவர்களுக்குள் உள்ள உண்மையான பரப்பளவான 'கார்பெட்' அளவு சட்டத்தில் வரையறுக்கப்பட்டுவிட்டது. செம்பூரிலோ தானேயிலோ புதிய வீடு பார்க்கும் தோழர்கள் ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஆனால் இச்சட்டம் யாருக்கானது என்பதைக் கவனியுங்கள். புதிய திட்டத்தில் வீடு வாங்க வசதியுள்ளவருக்கு ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. தன் ஒரே கோலியை விற்கும் என் அக்காவுக்கு அந்த ஆணையத்தின் கதவு இல்லை. வாங்கும் சக்தி உள்ளவர் நுகர்வோராகப் பாதுகாக்கப்படுகிறார். குடிசைவாசி ஆக்கிரமிப்பாளராக எண்ணப்படுகிறார்.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு 2018இல் அறிவிக்கப்பட்ட ஏலத்தில் துபாய் சார்ந்த செக்லிங்க் நிறுவனம் 7,200 கோடி ரூபாய் கேட்டது. அந்த ஏலம் 2020இல் ரத்து செய்யப்பட்டது. ரயில்வே நிலம் சேர்க்கப்பட்டதால் புதிய ஏலம் தேவை என்று அரசு காரணம் சொன்னது. 2022 நவம்பரில் நடந்த புதிய ஏலத்தில் அதானி குழுமம் 5,069 கோடிக்கு வென்றது. செக்லிங்க் தொடுத்த வழக்கை 2024 டிசம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் வாதம் எந்த முதலாளி வென்றார் என்பதைச் சார்ந்ததல்ல. திட்ட நிறுவனத்தில் அதானிக்கு 80 சதவீதம், மாநில அரசுக்கு 20 சதவீதம். நிலமோ மக்களின் பொதுச்சொத்து.

இதற்கு மேலும் ஒரு சலுகை தரப்பட்டது. இந்நகரில் கட்டடம் எழுப்பும் பிற நிறுவனங்கள் கூடுதல் கட்டுமானத்துக்காக விலைக்கு வாங்கும் வளர்ச்சி உரிமைகளில் முதல் 40 சதவீதத்தைத் தாராவித் திட்டத்திடமிருந்தே வாங்க வேண்டும் என்று 2023 நவம்பரில் அறிவிக்கை வெளியானது. வாங்குவோரைக் கட்டாயப்படுத்திக் கொண்டுவந்து விற்பவரிடம் சேர்க்கும் பணியை அரசே ஏற்றுக்கொண்டது. தோழர்களே, நம் சந்துமுனைத் தரகர் இவ்வளவு பெரிய தரகைக் கனவிலும் கண்டதில்லை.

நம் மக்களுக்குக் கிடைப்பது என்ன? 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு, இலவசமாக. 2000க்கும் 2011 ஜனவரி 1க்கும் இடையில் வந்த தரைத்தளத்தாருக்கு 2.5 லட்சம் ரூபாய் விலையில் 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே. அதற்குப் பின் 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும், மேல்தளத்தில் வாழ்பவர்களுக்கும் வாடகைத் தவணை முறையில் வெளியே வீடு. அந்த 'வெளியே' என்பது எங்கே? முலுண்ட், பாண்டுப், காஞ்சூர் பகுதிகளின் உப்பள நிலங்களும், தேவனார் குப்பைமேட்டின் ஒரு பகுதியும் இதற்கென அரசால் ஒதுக்கப்பட்டுள்ளன. சென்னைத் தோழர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். கூவம் கரையிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போய், வேலையையும் பள்ளியையும் இழந்த கதைதான் இது.

2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் கணக்கெடுப்பு தொடங்கியது முதல் இரண்டு மராத்திச் சொற்கள் நம் வீடுகளில் புழங்குகின்றன: 'பாத்ர', 'அபாத்ர'. தகுதியுள்ளவர், தகுதியற்றவர் என்று நான் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன். அந்த மொழிபெயர்ப்பு சரியானதே. ஆனால் அச்சொல் தமிழுக்குப் புதியதன்று. 'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதே பாத்திரம்தான். அரசின் மனத்தில் இருப்பதை என் மொழிபெயர்ப்பைவிட அந்தப் பழமொழி நன்றாகவே சொல்லிவிடுகிறது. சதுப்பை நிலமாக்கி, தோல், மண்பாண்டம், ஆயத்த ஆடை என்று இந்நகரின் உற்பத்தியைத் தாங்கியவர்களின் வீடு இங்கே உரிமையாகப் பார்க்கப்படவில்லை. பாத்திரமறிந்து இடும் பிச்சையாகப் பார்க்கப்படுகிறது. பாத்திரத்தை அளக்கும் கோலும் மாறிக்கொண்டே வந்துள்ளது: 1976, 1985, 1995, 2000, 2011. ஒவ்வொரு தேதியும் போராடிப் பெற்றதே. ஆயினும் ஒவ்வொரு தேதியும் ஒரே சந்தில் வாழ்பவர்களை இரண்டாகப் பிரித்தது.

'அபாத்ர' என்ற அச்சமே இன்றைய தரகரின் கைமுதல். "உங்களுக்கு வீடு வராது" என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வாங்குகிறார். வாங்கியவரிடம் "பழைய தாள் இருக்கிறது, நிச்சயம் வீடு வரும்" என்று சொல்லி அதிக விலைக்குத் தள்ளுகிறார். விற்றவரும் ஏமாந்தார், வாங்கியவரும் ஏமாந்தார். இருவரும் உழைப்பாளிகள். அதுமட்டுமன்று, ஒவ்வொரு கோலி கைமாறும்போதும் அனைவருக்கும் இங்கேயே வீடு என்று கேட்க ஒரு குடும்பம் குறைகிறது.

தரகர்களை ஒழித்துவிட்டால் பிரச்சனை தீர்ந்துவிடுமா? தீராது. எங்கெல்ஸ் 1872-73இல் எழுதிய 'குடியிருப்புப் பிரச்சனை' கட்டுரைகளைத் தோழர்கள் மீண்டும் படிக்க வேண்டும். முதலாளித்துவம் இப்பிரச்சனையைத் தீர்ப்பதாகச் சொல்லும்போதெல்லாம் அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தவே செய்கிறது என்று அவர் விளக்குகிறார். ஒரு சந்து இடிக்கப்பட்டு அகன்ற சாலை வரும்; அதே சந்து வேறொரு மூலையில் மீண்டும் முளைக்கும். இடிப்பதும் முளைப்பதும் ஒரே பொருளாதார விதியின் விளைவுகள் என்பது அவர் கருத்து. தாராவியையும் தேவனாரையும் அவர் பார்த்ததில்லை. ஆனால் பாரிஸையும் மான்செஸ்டரையும் பார்த்திருந்தார்.

ஆகவே சந்துமுனைத் தரகர் பிரச்சனையின் வேர் அல்லர். அவர்களில் பலர் நம்மவர்களே. தோல் பதனிடும் தொழில் இங்கிருந்து வெளியேறியபோதும், 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோதும், வேலை இழந்தவர்களில் சிலர் இத்தொழிலுக்குப் போனார்கள்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் பேசியாக வேண்டும். நம் கிளைகளிலும் கோலி வியாபாரத்தில் கமிஷன் பெறும் தோழர்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்வதால் சிலருக்கு வருத்தம் ஏற்படும், ஏற்படட்டும். பதிவு பெற்று, ரசீது கொடுத்து, ஏஜென்ட் தொழில் செய்து ஒருவர் குடும்பம் நடத்துவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காலையில் "வெளியேறாதே" என்று முழங்கிவிட்டு, மாலையில் அதே வீட்டை விற்றுக் கொடுத்துக் கமிஷன் பெற்றால், மக்கள் நம் கொடியை எப்படிப் பார்ப்பார்கள்? கணக்கெடுப்பு நடக்கும் பகுதியில் கோலி விற்பனைக்கும், படிவம் நிரப்பித் தருவதற்கும் கட்சி உறுப்பினர் எவரும் பணம் பெறக் கூடாது என்று கிளைகள் தீர்மானிக்க வேண்டும் என முன்மொழிகிறேன். விவாதியுங்கள், மறுப்பிருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.

அடுத்து, உடனடியாகச் செய்ய வேண்டிய பணிகள் சில.

ஒன்று, மூலத் தாள்களை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். நகல் கொடுத்தாலும் எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

இரண்டு, வெற்று முத்திரைத்தாளிலோ, படித்துக் காட்டப்படாத மராத்தி, ஆங்கிலப் படிவத்திலோ கையெழுத்து வேண்டாம். மொழிபெயர்த்துச் சொல்வது என் பொறுப்பு.

மூன்று, வீட்டுக்காரர் இறந்திருந்தால் வாரிசுகளின் பெயர்களை, குறிப்பாக மனைவி, மகள்களின் பெயர்களை, ஆவணங்களில் சேர்க்க இப்போதே விண்ணப்பிக்க வேண்டும்.

நான்கு, மாலாவில் வாழும் குடும்பங்கள் தனித்தனியே அலையாமல் சந்துவாரியாகப் பட்டியல் தயாரித்து, மின்கட்டண ரசீது, பள்ளிச் சான்று, வாக்காளர் பட்டியல் பதிவு எனக் கிடைக்கும் சான்றுகளைத் திரட்ட வேண்டும்.

ஐந்து, 'அபாத்ர' என்று அறிவிக்கப்பட்டால் அதை முடிவாகக் கருதாமல் குறித்த காலத்துக்குள் எழுத்துப்பூர்வமாக மேல்முறையீடு செய்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிவைக்க வேண்டும்.

இவை தற்காப்பு மட்டுமே. தாராவி பச்சாவ் ஆந்தோலன் முன்வைத்துள்ள கோரிக்கையே நம் அரசியல் கோரிக்கை: அனைவருக்கும் தாராவிக்குள்ளேயே 500 சதுர அடி வீடு. பாத்ர, அபாத்ர என்ற பிரிவினை கூடாது. சிறுதொழில்களுக்கு இங்கேயே இடம் வேண்டும்.

தொடக்கத்தில் கேட்ட தோழருக்கு வருகிறேன். கடன்காரர் வாசலில் நிற்கும் குடும்பத்திடம் "விற்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. அது பொறுப்பான பதிலாகாது. எனவே இப்படிச் சொல்கிறேன்: ஏஜென்டுக்கு இந்த வாரம் எந்தப் பதிலும் தராதீர்கள். முன்பணம் எதுவும் பெறாதீர்கள். உங்கள் தாள்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை கட்சி அலுவலகத்துக்கு வாருங்கள். நானும் கிளைச் செயலாளரும் இருப்போம். கடன் எவ்வளவு, யாரிடம், எந்த வட்டிக்கு என்பதையும் சேர்த்தே பார்ப்போம். அந்தக் கடனை எப்படிச் சமாளிப்பது என்பது இனி கிளையின் நிகழ்ச்சிநிரலில் ஒரு பொருள். எல்லாம் பார்த்த பின்னும் நீங்கள் விற்க முடிவெடுத்தால் அது உங்கள் முடிவு. உங்கள் தாள்களின் நகல் மட்டும் உங்களிடம் பத்திரமாக இருக்கும்படி நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

என் அக்காவுக்கு அப்படி உடன் உட்கார ஆளில்லை. உங்களுக்கு நாங்கள் இருக்கிறோம்.